கோயில் அரிசியில் கஞ்சி வைத்த அன்னம்மாள் அக்கா

செவ்வாய்க்கிழமை காலை, இராயபுரத்தில் எங்கள் தெருக் குழாயடிக்குத்தான் சாவுச் செய்தி வந்தது. "அன்னம்மா பூட்டாம்மா" என்றார் மீன் விற்கும் பெண்மணி. ஒருவரும் அழவில்லை. "காச்சல் வூட்டாண்ட யார்னா போனீங்களா?" என்றே எல்லோரும் கேட்டார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

நம் கோயில் சபையாரே, ஆப்பம் சுட்டு விற்றுத் தனியாக வாழ்ந்த அக்காவை நீங்கள் அறிவீர்கள். உலை வைக்குமுன் நம் வீடுகளில் கோயிலுக்கென ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறோம் அல்லவா? ஞாயிறு பள்ளிக்காகச் சனிக்கிழமைதோறும் அதைச் சேர்க்கிறவள் நான். மூன்று வாரத்துக்கு முன் நான் போனபோது அக்காவின் அரிசிக் கலயம் காலியாக இருந்தது. உள்ளே பாயில், துறைமுகத்துக்குப் பிழைக்க வந்த தெலுங்குக் கூலியாள் ஒருவர் காய்ச்சலில் முனகிக்கொண்டிருந்தார். அக்கா அவருக்குக் கஞ்சி ஊட்டினார்.

"அது கோயில் அரிசியாச்சே, அக்கா!"

"சபை ஐயரு கேட்டா, போவ வேண்டிய எடத்துக்குப் பூட்ச்சின்னு சொல்லு. இன்னாடி, பேயப் பாத்த மாரி நிக்கிறே? குந்து."

நான் உட்காரவில்லை. அந்த மாதம் எங்கள் தெருவில் இரண்டு பேரைக் காய்ச்சல் கொண்டுபோயிருந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். மாலைக்குள் தெரு முழுவதும் அறிந்துவிட்டது. மறுநாள் அக்காவின் ஆப்பத்தை வாங்க ஆளில்லை.

அந்த மனிதர் பிழைத்து எழுந்து போனார். அக்கா காய்ச்சலில் படுத்தார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

குழாயடியில் மறைத்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் போனேன். அக்கா போவதற்கு முந்தைய ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அம்மாவுக்குத் தெரியாமல், ஒரு செம்பு கஞ்சியோடு போனேன். மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தேன்.

"யாரு?" என்றது உள்ளிருந்து மெலிந்த குரல். பெயரைச் சொன்னேன்.

"உள்ள வராதே கண்ணு. செம்ப அங்கியே வெச்சுடு. நீ இன்னா துன்னே?"

"இன்னும் இல்லைக்கா."

"ஐயோ, எவ்ளோ நேரமாச்சு! நா எழுந்தா உனக்கு ரெண்டு ஆப்பம் சுட்டுத் தர மாட்டனா? செத்த நேரம் வாசப்படில குந்திட்டுப் போ. வந்தவ நின்னுகினே போனா எனக்கு மனசு கேக்காது."

அக்கா மூச்சு வாங்குவதைக் கேட்டபடி உட்கார்ந்தேன். பிறகு ஓடிவந்து சோப்புத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினேன்.

அக்காவின் நினைவு ஆராதனையில் இதை நான் வாசிக்கும்போது அம்மா முன்வரிசையில் இருப்பார். இன்றும் அடிக்கடி நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். அக்காவைப்போல் எனக்குத் தைரியமில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வாசற்படியில் இருந்த சிறிது நேரத்தை மட்டுமே. பயந்துகொண்டேதான் உட்கார்ந்தேன்; ஆனாலும், அவருடைய கடைசி விருந்தாளி நான்.