நான் சொல்லாத அமாவாசை

என் சிநேகிதன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்த அன்று ராயபுரம் ஸ்டேஷனுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனவன் நான்தான். அவனுடைய பூட்ஸையும் இடுப்பு பெல்ட்டையும் பார்த்ததுமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. சண்டைக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே சுகாதார ஆபீசில் ஜனங்களுக்கு ஊசி போடும் வேலையில் இருந்தோம். அவன் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்து பர்மா எல்லைக்குப் போனான். அம்மாவுக்கு ஒரே பிள்ளை என்று சாக்குச் சொல்லி நான் இங்கேயே தங்கிவிட்டேன். உண்மையில் எனக்குப் பயம்.

அங்கே கூடார ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே கவனித்துக்கொண்டு ஹவில்தாராகத் திரும்பியிருந்தான். பழைய வேலையிலேயே மறுபடி சேர்ந்தவன் ஆபீசில் கதை சொன்னால் டாக்டரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். "பட்டாளத்துல நாங்க..." என்று அவன் தொடங்கினாலே எழுந்து வெளியே போய்விடலாம் போல இருக்கும். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை குப்பம் குப்பமாக நடந்து செருப்புத் தேய்ந்தவன் நான். முன்னே வந்த காதைவிடப் பின்னே வந்த கொம்பு பெரிது என்பார்கள். அந்தக் கொம்பு தினமும் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்தது.

அந்த வருஷம் எங்கள் இன்ஸ்பெக்டர் ஓய்வு பெற இருந்தார். அந்த நாற்காலி எனக்குத்தான் என்று வீட்டில்கூடச் சொல்லி வைத்திருந்தேன். அப்போதுதான் புயல் அடித்தது. எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் உப்பங்கழித் தண்ணீர் குடிநீர்க் கிணறுகளில் கலந்துவிட்டது. காலரா வருமுன் எல்லாருக்கும் ஊசி போட்டாக வேண்டும். டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "காம்ப்புக்கு இவர் பொறுப்பு, நீங்க ஒத்தாசை" என்றார். இவர் என்று அவர் கை காட்டியது அவனை.

"நாளைக்கே ஆரம்பிச்சுடலாம் மாமு," என்றான் அவன்.

அந்த ஊசி போட்டால் கை வீங்கும், இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். அதனால் அமாவாசையை ஒட்டித்தான் அந்தக் குப்பத்துக்குப் போவேன். அன்று அங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. முன்கூட்டியே சொல்லி வைத்தால் குப்பத்துத் தலைவர் நாட்டார் மறுநாளும் கட்டுமரத்தைக் கடலில் இறக்க விடமாட்டார். அமாவாசைக்கு இன்னும் மூன்றே நாள். வாய் வரை வந்தது. பட்டாளத்துக்காரனுக்குத் தெரியாததா என்று விழுங்கிவிட்டேன்.

மறுநாள் ஆம்பிளைகள் விடியுமுன்பே கடலுக்குப் போயிருந்தார்கள். அவன் பெண்களையும் பிள்ளைகளையும் அணிவகுப்புப் போல வரிசையில் நிறுத்தினான். நான் ஊசியைக் கொதிக்கவைத்துக் கொடுக்க, அவன் போட்டான். வேலை அவ்வளவு அழகாக நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் மரங்கள் நிறைய மீனோடு கரைக்கு வந்தன. கூடை தூக்க வேண்டிய பெண்கள் வீங்கிய கையோடு குடிசைக்குள் முனகிக்கொண்டு கிடந்தார்கள். சந்தைக்குப் போக வேண்டிய மீன் மணலிலேயே நாறியது.

அடுத்த நாள் ஆண்களுக்குப் போடப் போனோம். ஒரு கதவும் திறக்கவில்லை. நாட்டார் மட்டும் வெளியே வந்து கத்தினார். "பொம்பளைங்கள படுக்க வெச்சது பத்தாதா? இப்ப எங்களையும் படுக்க வெக்க வந்துகினியா? அமாவாசைல வந்திருந்தா நாங்களே கைய நீட்டியிருப்போம்யா!"

என் சிநேகிதன் தலைகுனிந்து நின்றான். எனக்கு உள்ளுக்குள் தீபாவளி.

மறுநாள் அமாவாசை வந்தும் கோபம் தணியாமல் ஒரு ஆண்கூடக் கையை நீட்டவில்லை. அடுத்த வாரம் காலரா வந்தது. ஊசி போட்டுக்கொள்ளாத ஒருவன், வலை இழுக்கிற வாட்டசாட்டமான ஆள், ஒரே பகலில் வற்றிச் செத்துப்போனான். ஊசி போட்டுக்கொண்ட அவன் பெண்டாட்டி பிழைத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகுதான் மற்ற ஆண்கள் கையை நீட்டினார்கள்.

டாக்டர் எங்களை நிற்கவைத்து, எங்கே தப்பு நடந்தது என்று கேட்டார். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "தப்பு என்னுது சார். ஊர் வழக்கம் தெரியாம நாள் குறிச்சுட்டேன்," என்றான். "தப்பை ஒத்துக்கிற ஆள்தான் நமக்கு வேணும்," என்றார் டாக்டர். பிறகு, இனிமேல் புயல், வெள்ளம் எது வந்தாலும் காம்ப்பை நீங்களே பாருங்கள் என்று அவனிடமே சொன்னார். இன்ஸ்பெக்டர் வேலை யாருக்கு என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவன் பீடி பற்றவைத்தான்.

"அமாவாசை சமாச்சாரம் ஒனக்கு மின்னாடியே தெரியுமா மாமு?"

"தெரியும்."

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் பீடியைப் பார்த்துக்கொண்டே, "நான்தான் ஒன்னாண்ட கேட்டிருக்கணும்," என்றான்.

பெருந்தன்மையிலும் இவனே முந்திக்கொண்டானே என்று அந்த நிமிஷத்திலும் எனக்கு வயிறு எரிந்தது. செத்தவனைப் பற்றிய நினைப்பு வந்தது, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான்.