கருப்பட்டிக் கொட்டானில் வந்த கேள்வி

ஆறு வருஷமாகியும் அந்தக் கொட்டானை எறும்புகள் மறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டு அலமாரியின் மேல்தட்டில் அது இருக்கிறது. பனையோலையில் முடைந்த, மூடி போட்ட, இரண்டு கை கொள்ளும் சிறிய பெட்டி. அதில் கருப்பட்டி இருந்தது எப்போதோ. ஆனாலும் மழை தொடங்கியதும் எறும்புகள் சுவரோரமாய் வரிசை பிடித்து ஏறி, அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குகின்றன. உள்ளே இருப்பது வெறும் காகிதம். அந்தக் காகிதத்திலும் கருப்பட்டி வாசனை ஏறியிருக்கிறது. இந்த ஐப்பசியில் ஒருநாள் என் மூத்த மகள் முக்காலி போட்டு ஏறி அதை எடுத்துவிட்டாள். அவளுக்கு ஏழாவது வயது நடக்கிறது. "அம்மா, இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். ஒரு கேள்வி இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "பழைய தாளு, கீழ வை" என்று சொல்லி வாங்கி வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்வியை எழுதியவளை நாங்கள் பத்திராதிபர் என்றுதான் கூப்பிடுவோம். கேலியாக வைத்த பெயர், பிறகு கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றது. பாளையங்கோட்டையில் பெண்களுக்கான உபாத்திமைப் பயிற்சிப் பள்ளியில் நாங்கள் ஒரே பெஞ்சில் இருந்தோம். அவள் தகப்பனார் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவர். ஒரு பக்கம் மட்டும் அச்சாகி வீணாய்ப்போன தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் அவற்றை மடித்துத் தைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவாள். ஈய எழுத்துகளைத் தலைகீழாக வாசிக்கத் தெரிந்தவள். எந்த அச்சுத் தாளைப் பார்த்தாலும் முதலில் பிழையைத்தான் பார்ப்பாள். கண்டதும் ஓரத்தில் மீன்போல ஒரு குறி போடுவாள். எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா கொடுத்த பாட்டுப் புத்தகத்திலேயே மீன் போட்டு ஒருமுறை முட்டுக்கால் போட்டு நின்றாள். நின்றபடியே என்னைப் பார்த்து, "பிழை பிழைதானே ஏட்டி, அது துரைசானி புத்தகம்னா நேராயிருமா?" என்று முணுமுணுத்தாள்.

மத்தியானத்துக்கு மேல் எங்களுக்கு லேஸ் பின்னும் வகுப்பு. மிஸ்ஸியம்மா வெயிலுக்குப் பயந்து போய்ப் படுத்துவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் சங்கம் கூடும். ஏழு பேர். ஒருத்தி வாசிப்பாள், மற்ற ஆறு பேரும் நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிக் கை நிற்காமல் பின்னுவோம். வாசிப்பவளின் பங்கு லேஸையும் சேர்த்துப் பின்ன வேண்டும் என்பது விதி. இன்றைக்கும் மரக்கட்டைகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் கேட்டால் யாரோ வாசிக்கப்போகிறார்கள் என்றுதான் காது காத்திருக்கிறது. பெண்களே எழுதி, பெண்களே திருத்தி, பெண்களே எழுத்துக் கோத்து ஒரு பத்திரிகை நடத்த வேண்டும் என்பது அவளுடைய கனவு; பத்திராதிபர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். எங்கள் எல்லோருக்கும் உத்தியோகம் கொடுத்துவிட்டாள். ஒருத்திக்கு இங்கிலீஷ் பேப்பரிலிருந்து சமாசாரம் பெயர்க்கும் வேலை, ஒருத்திக்குப் பிள்ளை வளர்ப்பு, இன்னொருத்திக்குப் படம். எனக்கு வாசகர்களின் கேள்விக்குப் பதில் எழுதும் பக்கம். "எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றேன். "அதனாலதான். நீ எதையும் ரெண்டு தரம் யோசிப்ப. தெரிஞ்சவளுவ உடனே சொல்லிக் கெடுத்துருவாளுவ" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. என்னுடைய சந்தேகங்களுக்கு ஓர் இடம் உண்டு என்று ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை.

பயிற்சி முடிவதற்குள் கல்யாணங்கள் தொடங்கிவிட்டன. ஏழு பேரும் ஏழு ஊராகப் பிரியப்போகிறோம் என்று தெரிந்தபோது அவள்தான் வழி கண்டுபிடித்தாள். தபாலில் போட்டால் புகுந்த வீட்டில் யாராவது பிரித்து, நடுவீட்டில் சத்தமாக வாசித்துவிடுவார்கள். கருப்பட்டிக் கொட்டானை யார் சோதிப்பார்கள்? உடன்குடிப் பக்கத்திலிருந்து கருப்பட்டி கொண்டுவந்து ஊர் ஊராக விற்கும் அக்கா ஒருத்தி அவர்கள் தெருவுக்கு வாடிக்கை. அவளிடம் பேசி முடித்தாள். அடியில் தாள்கள், மேலே ஓலை, அதற்கு மேல் நாலு வட்டுக் கருப்பட்டி. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வரிசையிலேயே கொட்டான் போகும்: முதலில் அவள், அடுத்தது நான், எனக்குப் பிறகு ஐந்து பேர். ஒவ்வொருத்தியும் தன் பழைய பக்கத்தை எடுத்துக்கொண்டு புதிதாய் ஒன்று வைக்க வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. முன்னால் எழுதியவளுக்கு ஒரு வரியாவது மறுமொழி எழுதாமல் கொட்டானை அடுத்தவளுக்கு அனுப்பக் கூடாது. "எழுதுனவ சுவத்தைப் பாத்துப் பேசுன மாதிரி ஆயிரக் கூடாது" என்பாள்.

நான் சேரன்மாதேவியில் வாழ்க்கைப்பட்டேன். கணவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. நல்ல மனிதர், களைத்து வருபவர். வீட்டுக்குப் பின்னால் கால்வாய், அதற்கப்பால் வயல். யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. ஆனால் பகல் முழுவதும், உப்பு போதுமா, உலை கொதித்துவிட்டதா என்பதைத் தவிர என்னிடம் யாருக்கும் கேட்க ஒன்றுமிருக்கவில்லை. கடையில் பருப்புக் கட்டிக்கொடுத்த தாளைக்கூட நீவி வைத்து வாசிப்பேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த அக்கா வாசலில் வந்து, "தாயி, உங்க கருப்பட்டி வந்திருக்கு" என்று குரல் கொடுக்கும்போதுதான் எனக்கு ஒரு பெயர் இருப்பது நினைவுக்கு வரும். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் விஷயம் தெரியும். "ஒரு கொட்டான் கருப்பட்டிய எத்தன நாளாத் திம்பிய? பைய வாசிச்சு வையுங்க, அடுத்த வாரம் எடுத்துக்கிடுதேன்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போவாள்.

இரண்டு வருஷம் இப்படிச் சுற்றியது. மூன்றாம் வருஷம் கார்த்திகையில் கொட்டான் வந்தபோது என் மகளுக்கு ஐந்து மாதம். பத்திராதிபரின் பக்கம் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது. தகப்பனார் இறந்துவிட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும். மீதியை அன்றுதான் அறிந்தேன். சென்னப்பட்டணத்தில் ஓர் அச்சுக்கூடத்தில் அச்சுப்பிழை திருத்த அவளை எடுத்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. தங்குவதற்குப் பெண்கள் விடுதியும் இருக்கிறது. அண்ணனோ, கொழும்பில் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகப் பேசி முடித்திருக்கிறார். தை மாதம் கல்யாணம். "எனக்கு இங்கே கேட்க ஆளில்லை. போகவா, வேண்டாமா? ஒரு வரி போதும். நீங்கள் ஆறு பேரும் போ என்று சொன்னால் அண்ணன் முன்னால் நிற்க எனக்குத் தைரியம் வரும். கொட்டான் இந்த முறை நிற்காமல் சுற்றட்டும்" என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் மீன் குறி ஒன்றுகூட இல்லை. தன் எழுத்தை அவள் திருப்பி வாசிக்கவில்லை என்று புரிந்தது.

அன்று மாலையே "போ" என்று எழுதினேன். எழுதியதும் பயம் பிடித்துக்கொண்டது. தெரியாத பட்டணம், நோய் வந்தால் யார் பார்ப்பார்கள்? நான் சொல்லிப் போய் அவள் கெட்டுப்போனால்? கிழித்துவிட்டு, "கொஞ்சம் பொறு" என்று எழுதினேன். மனைவியை இழந்த, முகம் தெரியாத மனிதருக்கு நானே அவளைப் பிடித்துக் கொடுப்பதுபோல இருந்தது. அதையும் கிழித்தேன். மறுமொழி எழுதாமல் அனுப்பக் கூடாது என்ற விதியை நான் மட்டும் அத்தனை ஒழுங்காகக் காத்தேன். அக்கா வந்தாள், "இன்னும் ஒரு வாரம்" என்றேன். மறுபடி வந்தாள். அப்போது பிள்ளைக்குக் காய்ச்சல். கொதிக்கும் உடம்பை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டானைப் பற்றி நினைப்பதே பாவம் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. காய்ச்சல் எனக்கு ஒரு காரணம் கொடுத்துவிட்டது.

மார்கழி நடுவில் ஒரு தபால் கார்டு வந்தது. என் மாமனார் ஓய்வுபெற்ற உபாத்தியாயர்; வீட்டுக்கு வரும் கார்டுகளை அவர்தான் வாசிப்பார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தார். "அனுப்பிய கருப்பட்டி வந்து சேர்ந்ததா? எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதவும்." மாமியார் சிரித்துவிட்டார்கள். "நாலு வட்டுக் கருப்பட்டிக்கு ஒரு கார்டா? உன் சிநேகிதிக்குத் துட்டு அதிகமாப் போச்சோ, ஏளா?" நான் பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிக்கொண்டிருந்தேன். "கேட்டவளுக்குப் பதில் போடாம இருக்கது மரியாதையில்லை" என்று சொல்லி மாமனார் அப்போதே ஒரு கார்டு எடுத்து, தம் அழகான கையெழுத்தில் எழுதி, எனக்கும் வாசித்துக் காட்டினார். "கருப்பட்டி கிடைத்தது. நன்றாயிருந்தது. குழந்தைக்குச் சுகவீனம். வேறு விசேஷமில்லை." "சரிதானம்மா?" என்று கேட்டார். "சரிதான் மாமா" என்றேன். அவளுடைய கேள்விக்கு அவள் பெற்ற பதில் அது ஒன்றுதான்.

பிள்ளைக்குச் சுகமானது. தை வந்து போனது. மாசியில் அந்த அக்கா வாசலில் கூடையை இறக்கி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சொன்னாள்: "உங்க பத்திராதிபருக்குக் கல்யாணம் ஆயிட்டு தாயி. தூத்துக்குடியில கப்பலேறிட்டா. போறதுக்கு முந்தி, யாருகிட்டேயிருந்தாவது பதில் வந்துச்சாக்கான்னு ரெண்டு தரம் கேட்டா. இல்லைன்னேன். கொட்டான் உங்ககிட்ட நிக்குன்னு சொல்லல." பிறகு கொட்டானைக் கேட்டாள். எறும்பு அரித்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகும் கருப்பட்டி விற்க வருகிறாள், கண்ணைச் சிமிட்டுவதில்லை. சங்கம் என்னிடத்தில் நின்றுபோனது. மற்ற ஐந்து பேரும், யாருக்கோ பிள்ளைப்பேறு, யாருக்கோ வீட்டில் கெடுபிடி என்று தங்களுக்குள் சமாதானம் சொல்லியிருப்பார்கள். அவளோ, ஆறு பேரும் வாசித்துவிட்டு ஆறு பேரும் வாய்மூடி இருந்தார்கள் என்று எண்ணித்தானே கப்பலேறியிருப்பாள்?

போன பங்குனியில் பாளையங்கோட்டை வேதக்கோயில் வாசலில் பெஞ்சில் மூன்றாவதாக இருந்தவளைப் பார்த்தேன். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. "அவ கல்யாணத்துக்கு முந்தி நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் பாத்தியா? கேட்டிருந்தா நான் போ ஏட்டின்னு எழுதியிருப்பேன்" என்றாள். என் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டேன். "ஆமா, கேட்டிருக்கலாம்" என்றேன். வண்டியில் ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது. ஒருமுறை தயங்கியதைப் பயம் என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர்?

இந்தப் பத்திரிகை கொழும்புக்கும் போகிறது என்று என் கணவர் சொல்கிறார். அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன். பத்திராதிபரே, உன் கேள்வி என்னைத் தாண்டிப் போகவே இல்லை. அந்த ஐந்து பேரும் உன்னைக் கைவிடவில்லை. அவர்களுக்குத் தெரியவே தெரியாது. என் பதில்: போ. அது சரியான பதில்தானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. அங்கே நீ சந்தோஷமாகவும் இருக்கலாம். இதை வாசித்து, இப்போது எதற்கு இவள் கிளறுகிறாள் என்றும் நினைக்கலாம். ஆனால் நீ சரியான பதில் கேட்கவில்லை, ஒரு வரிதான் கேட்டாய். பிழை கண்டால் ஓரத்தில் மீன் போட்டுக்கொள்.

இதை எழுதத் தொடங்கியபோது கொட்டான் அலமாரியில்தான் இருந்தது; நேற்று அந்த ஒரு வரியை உன் பக்கத்தின் அடியில் எழுதி, நடந்ததை எல்லாம் தனித்தாளில் எழுதி, கொட்டானில் வைத்தேன். மூன்றாமவளுக்குப் போக வேண்டும். மாமியார் வந்து நின்று, "கருப்பட்டி யாருக்குளா?" என்றார்கள். "கருப்பட்டி இல்லை அத்தை, காயிதம். ஒரு பதில் எழுத வேண்டியிருந்தது" என்றேன். வேறு ஏதும் கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கொட்டானை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "எறும்பு ஏறாம வேட்டித்துணியில சுத்திக் கட்டு" என்று சொல்லி ஒரு பழந்துணியைக் கிழித்துக் கொடுத்தார்கள். காலையில் அக்கா அதை வாங்கிக் கூடையில் வைத்தாள். மத்தியானம் அலமாரியைத் துடைக்கப் போனபோது, எறும்புகள் வழக்கம்போல வரிசையாக ஏறி வந்து, வெறும் தட்டில் கொட்டான் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தன.