எனக்கு நகோமி என்று மகள் இல்லை

ஐந்தாவதோடு படிப்பை விட்டவன் நான். கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைக்கும் குறைவில்லை. வாராவாரம் இதைப் படித்துப் பொறுத்துக்கொள்கிற நீங்கள் இந்த வாரமும் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று கோணல் கொஞ்சம் ஜாஸ்தி... எரிச்சலில் எழுதுகிறேன்.

என் மகள் லேயாளுக்குத் திருக்கோவிலூரில் மாப்பிள்ளை அமைந்தது. நல்ல பையன். எல்லாம் பேசி முடித்தபின் சம்பந்தியம்மாள் போன் செய்தார்.

"அண்ணே, லேயாள்னா எபிரெயத்துல களைச்சுப் போனவன்னு அர்த்தமாம். போன்ல ஒரு பிரசங்கத்துல சொன்னாங்க. என் வூட்டுக்கு வர்ற பொண்ணு களைச்சுக்கினே வரணுமா? நகோமின்னு மாத்திடுங்க. இனிமைன்னு அர்த்தம்."

ஜாதகம் பார்ப்பதில்லை என்று பெருமை பேசுகிறவர்கள் நாம். பேருக்குப் பொருத்தம் பார்த்தால் அது மட்டும் என்னவாம்?

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கொதித்தாள். "நெறமாசத்துலயும் கரும்பு வெட்டிட்டுப் பெத்த புள்ள. களைப்பு இல்லாம இன்னா இருக்கும்? அந்தப் பேருக்கு இன்னா கொறச்சல்?"

வேதத்தில் பேர்களுக்கு அர்த்தம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முழுசாகப் படிக்க வேண்டாமா? அந்த நகோமி என்ன சுகப்பட்டாள்? புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்துவிட்டு, என்னை அப்படிக் கூப்பிடாதீர்கள், கசப்பு என்று கூப்பிடுங்கள் என்றாள்.

வேதத்து லேயாளைக் கட்டின யாக்கோபுகூட அவளை விரும்பவில்லை. ஆண்டவர் பார்த்தார். நாலாவது மகனுக்கு அவள் யூதா என்று பேர் வைத்தாள் — துதி என்று அர்த்தம். அந்த வம்சத்தில்தான் தாவீது ராஜாவே வந்தார். ஆபிராமின் பேரை மாற்றிய ஆண்டவர், யாக்கோபின் பேரை மாற்றிய ஆண்டவர்... லேயாளின் பேரைத் தொடவே இல்லையே!

இதையெல்லாம் சம்பந்தியிடம் சொன்னேனா? எங்கே! எனக்குப் பேச்சே வராது. "பாக்கலாங்க" என்று போனை வைத்தேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவர் எங்கள் சபை ஆயரிடம் பேசிவிட்டார்.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிப்பார்கள். பெண், மாப்பிள்ளை பேரைச் சொல்லி, தடை உண்டா என்று கேட்பார்கள். முதல் ஓலையில் ஆயர் என் பேரைச் சொல்லி, "...இவருடைய மகள் நகோமி" என்றார். பெண்கள் பக்கமிருந்து லேயாள் என்னையே பார்த்தாள்.

எழுந்துவிட்டேன். "தடை இருக்குதுங்க ஐயா."

பின்னாலிருந்து மனைவியின் தம்பி சட்டையைப் பிடித்து இழுத்தான். "இன்னா மாமா, உன் பொண்ணு கல்யாணத்துக்கு நீயே தடை சொல்லிக்கினு... உக்காரு!"

"அந்தப் பேர்ல எனக்குப் பொண்ணே இல்லீங்க" என்றேன்.

சபை சிரித்தது. ஓலை கேட்க வந்திருந்த சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. அன்றோடு அவரிடமிருந்து போன் நின்றது. கல்யாணமும் நின்றது என்றே நினைத்தோம். மனைவி சரியாகச் சாப்பிடவில்லை. லேயாள் மட்டும், "போனா போவட்டும்ப்பா" என்றாள். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது.

சனிக்கிழமை பைக்கில் மாப்பிள்ளை வந்தார். நேராக ஆயரிடம் போய்ப் பேரைத் திருத்தச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்தார். மறுநாள் முதலிலிருந்து ஓலை வாசித்தார்கள். லேயாள் என்றே.

சம்பந்தியம்மாள் இப்போது என் மகளிடம் பேசுகிறார். பேர் மட்டும் சொல்வதில்லை. "ஏம்மா" என்றுதான் கூப்பிடுகிறார். அதற்கு எபிரெயத்தில் என்ன அர்த்தமோ!

எழுதி முடித்தது: மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை.