அம்மாவுக்கு வராத பாகம்

நான் நான்காம் வகுப்புப் படித்த ஆண்டில் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கு ஒரு புது டீச்சர் வந்தார். பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேராக வந்தவர். வந்த வாரமே மேசைகளையெல்லாம் இழுத்து நான்கு நான்காகச் சேர்த்துப் போட்டுவிட்டார். அதுவரை நாங்கள் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டுதான் படித்து வந்தோம். பக்கத்துப் பிள்ளை பார்த்துவிடாதபடி விடையைக் கையால் மறைத்துக்கொள்வதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒழுக்கம். முகத்துக்கு முகம் உட்காரச் சொன்னதும் என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு வந்த தலைமையாசிரியர், "டீச்சர், இது பள்ளிக்கூடமா, பசாரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். டீச்சர் அசரவில்லை.

அவருடைய முறை எளிதானது. ஒரு பாடத்தைத் துண்டு துண்டாக்கி, குழுவில் ஆளுக்கு ஒரு பாகம் கொடுப்பார். ஒரே பாகம் கிடைத்தவர்கள் ஒரு மூலையில் கூடிப் பேசிப் படித்துக்கொண்டு, பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. அவர் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசியில் டீச்சர் யாரை வேண்டுமானாலும் எழுப்பிக் கேள்வி கேட்பார். ஒருவர் தடுமாறினால் குழுவுக்கே மதிப்பெண் போய்விடும். முதல் பாடம், உம்பாய்க் கடலில் பிடிக்கிற மீன் நம் வீட்டுச் சட்டிக்கு எப்படி வருகிறது என்பது. மீனை ஐஸ் கட்டியில் வைக்கிற பாகத்தை வாங்கிக்கொண்டு போன எங்கள் குழுப் பையன் மறுநாள் காய்ச்சலென்று வரவில்லை. எங்கள் மீன் மட்டும் வழியிலேயே நாறிப் போனதாகச் சொல்லி வகுப்பே சிரித்தது.

எனக்கு அந்த முறை மிகவும் பிடித்துப்போனது. வீட்டில் அப்போது என்னிடம் யாரும் எதையும் சொல்வதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போவதை நிறுத்தியிருந்தாள். அவள் இளைக்க இளைக்கச் சேலைக் கொசுவம் பெருத்துக்கொண்டே வந்தது. வாரம் ஒருமுறை அப்பா அவளை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்து மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவார். வயிற்றில் புண் என்று எங்களிடம் சொன்னார்கள். அம்மாவிடமும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரி நோயின் பெயரை நோயாளியிடம் சொல்வது எங்கள் ஆட்களுக்கு வழக்கமில்லை. டாக்டர் அப்பாவைத் தனியாக அழைத்துச் சொன்னார். அப்பா மாமாவிடம் சொன்னார். அக்கா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுவிட்டாள். அந்த வரிசை அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது.

ஆண்டு இறுதி விடுமுறைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது நன்னெறிப் பாடத்தில் ஒத்துழைப்பு என்ற தலைப்பு வந்தது. டீச்சர் அவரவர் வீட்டையே ஒரு குழுவாக்கிவிட்டார். "அடுத்த வருசம் வீட்டுல யார் யார் என்ன வேலை செய்யப் போறாங்கன்னு தனித்தனியாக் கேட்டுட்டு வாங்க. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்குக் கேக்கக் கூடாது. எல்லாத்தையும் சேத்து வீட்டுல சொல்லிக் காட்டிட்டு, அப்புறம் குழுவுல சொல்லணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தேன். அப்பா எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோப்பில் குலை வெட்டுகிறவர். மாலையில் லாரிக்குக் குலை ஏற்றவும் போவார். வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "லாரி வேலைய விட்டுருவேன். சாயங்காலம் வீட்டுல ஆள் வேணுமில்ல" என்றார். இடைநிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அக்காவைத் துணி துவைக்கும் இடத்தில் பிடித்தேன். "படிப்ப நிறுத்திட்டு வீட்டுல இருப்பேன். சோறாக்கணும், ஒனக்குத் தல பின்னணும்" என்றாள். பள்ளிக்கூடத்திலிருந்து தப்பித்துவிட்டாளே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. தஞ்சோங் கிளிங்கிலிருந்து மீனோடு வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, கொஞ்சம் யோசித்தார். "ஒன் தம்பிப் பயல எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். மாமி பாத்துக்குவா. சின்னப் புள்ளதானே, பழகிருவான் லா" என்றார். பள்ளி வேலைக்குத்தானே என்று ஒவ்வொருவரும் தன் பாகத்தை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். தனியாகக் கேட்டால் எந்தப் பாகத்திலும் அழுவதற்கு எதுவுமில்லை.

அம்மா தூங்கிக்கொண்டிருந்ததால் அவளை மட்டும் கேட்கவில்லை.

மதியம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா சுவரில் சாய்ந்து கஞ்சிக் கிண்ணத்தை மடியில் வைத்திருந்தாள். நான் வகுப்பில் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அப்பா, அக்கா, மாமா என்று வரிசையாக ஒன்றும் விடாமல் சொன்னேன். மனப்பாடம் பிசகவே இல்லை. பாராட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அப்பா ஏற்கெனவே பிசைந்த சோற்றைத் திரும்பவும் பிசைந்தார். அக்கா தண்ணீர் எடுக்க எழுந்து போனாள், திரும்பி வரவில்லை. மாமா மீன் முள்ளைத் தேடுகிறவர்போல் தட்டைக் குனிந்து பார்த்தார்.

அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப, ஆயி, அம்மா பாகம் என்னா?" என்றாள்.

"ஒன்னோடதுதான் வரலம்மா. நீயே சொல்லு. இல்லாட்டி டீச்சர் மார்க் போட மாட்டாங்க."

"தூங்குற நேரத்துல கேக்கலாமா" என்று அப்பா சம்பந்தமில்லாமல் என்னைக் கடிந்துகொண்டார். அம்மா அவரைக் கையமர்த்தினாள். "அவ படிப்பு அது. எழுந்து நின்னு கேட்டா பதில் சொல்லணுமில்ல" என்றவள், கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "அம்மாவுக்கு அடுத்த வருசம் வேல இல்ல. ஓய்வுன்னு சொல்லு டீச்சர்கிட்ட."

அவளுக்கு முன்பே தெரிந்திருந்ததா, நான் பாகங்களை அடுக்கிச் சொன்னபோதுதான் தெரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைக் கேட்கும் வயது வந்தபோது கேட்பதற்கு அவள் இல்லை.

மறுநாள் குழுவில் எங்கள் வீட்டைச் சொன்னேன். மற்றவர்களின் வீடுகளில் அம்மாக்கள் மரம் வெட்டினார்கள், பேக்டரிக்குப் போனார்கள், வந்து சமைத்தார்கள், துவைத்தார்கள். என் எதிரில் இருந்த பிள்ளை, "ஒங்கம்மாவுக்கு மட்டும் வேலையே இல்லையா? ஜாலிதான் லா" என்றாள். வகுப்பு முழுவதற்கும் சொல்ல எங்கள் குழு என்னைத்தான் அனுப்பியது. நான் கணீரென்று சொன்னேன். எல்லாரையும் கேள்வி கேட்ட டீச்சர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "போய் உக்காரும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏதும் எழுதாமல் நின்றார்.

அத்தனை வீடுகளிலும் அடுத்த ஆண்டு ஓய்வு கிடைத்திருந்தது என் அம்மா ஒருத்திக்குத்தான். எனக்குப் பெருமையாக இருந்தது.