பால் பொங்கிய பலகை வீடு

ஒன்பது வயதுப் பெண்ணின் கோடை விடுமுறைக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் முதலில் நின்றது சுத்தியல். நெதர்லாந்துக்கு வந்து இரண்டாண்டு ஆன பின்னும் அந்தச் சொல்லை மூன்று முறை படித்தேன். கைப்பிடியில் பிள்ளையின் பெயரை எழுத வேண்டும் என்றும், அடி தடித்த காலணி இல்லாவிட்டால் ஆணி ஏறிவிடும் என்றும் அதே தாளில் அமைதியாகக் குறித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நெருப்பு என்று கடைசி வரி சொன்னது. சுற்றி அமர்ந்து பாடுவதற்கான நெருப்பு என்று எண்ணிக்கொண்டேன்.

இந்த விளையாட்டுக்கு டிம்மர்டோர்ப் என்று பெயர். தச்சர் ஊர் என்று பொருள் கொள்ளலாம். புல்வெளியில் பழைய சரக்குப் பலகைகளைக் குவித்து, பிள்ளைகளை நால்வர் நால்வராகப் பிரித்து, ஐந்து நாளில் வீடு கட்டச் சொல்கிறார்கள். பெரியவர்கள் கை வைக்கக் கூடாது. என் மகள் யாழினி இரண்டாம் நாளே கட்டைவிரல் நகம் கன்றிக் கறுத்துப்போய் வந்தாள். அதைப் புது மோதிரம்போல எல்லாருக்கும் காட்டினாள். நான் பதறினேன். பொறுப்பாளர் மரைக்கே, சற்று மூத்த பெண்மணி, குளிர்ந்த நீரில் விரலை நனைத்துவிட்டு, பெரிய ஆணி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அவளைத் திருப்பி அனுப்பினார்.

இடுக்கியின் சக்குபள்ளத்தில், ஏலத்தோட்டத்து லயத்தில் நான் பிறந்தேன். வரிசையாக ஒட்டிய அந்த அறைகளில் ஒன்று எங்களுடையது என்று சொல்லிக்கொண்டோம். சுவரில் நாட்காட்டி மாட்ட ஓர் ஆணி அடிப்பதற்கும் அப்பா சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டியிருந்தது. மே விடுமுறையில் காய்ந்த ஏலத்தட்டைகளை ஊன்றி நாங்களும் விளையாட்டு வீடு கட்டுவோம். அதை ஒருவரும் பிரித்ததில்லை. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை வந்து தானாகச் சாய்க்கும்வரை நிற்கும். அப்பா தம் ஐம்பதாவது வயதில் சொந்தமாக இரண்டு அறை கட்டிப் பால் காய்ச்சிய காலையில், பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது, அம்மா சுவரைத் தொட்டுக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இங்கே வாடகை வீட்டுக்குள் நுழைந்த முதல் நாளும் பால் காய்ச்சினேன். பால் விளிம்புக்கு ஏறியதும் மின்னடுப்பு கீச்சென்று ஒலித்துத் தன்னைத் தானே அணைத்துக்கொண்டது. மூன்று முறை முயன்றும் பொங்கவிடவில்லை. கொழிஞ்சாம்பாறைக்காரரான என் கணவர் கதவில் சாய்ந்துகொண்டு, ஊரில் ஆசிரியையாக இருந்த என்னைச் சீண்டி, "ஏனுங்க டீச்சரம்மா, இந்த ஊட்டு அடுப்புக்குப் பால் பொங்குனா புடிக்காதாட்ட இருக்குதுங்க" என்றார். சிரித்தேன். ஆனால் அந்த வீட்டில் குடியேறிவிட்டதாக என் மனம் இன்றுவரை ஒப்பவில்லை.

வியாழக்கிழமை பெற்றோர்கள் வீடுகளைப் பார்க்கலாம் என்றார்கள். யாழினியின் வீடு ஒருபக்கம் சாய்ந்து, மஞ்சள் கதவோடு, பதினேழாம் எண்ணோடு நின்றது. மரைக்கே சிறிய எரிவாயு அடுப்பில் பிள்ளைகளுக்கு அப்பம் சுட்டுக்கொண்டிருந்தார். அந்த அடுப்பைக் கேட்டு வாங்கி, வாசலில் வைத்து, பால் காய்ச்சினேன். பொங்கி நான்கு பக்கமும் வழிந்தது. நான்கு பிள்ளைகளும் கைதட்டினார்கள். ஆளுக்கொரு வாய் பால் கொடுத்தபோது, இந்நாட்டில் எனக்கென ஒரு கூரை கிடைத்ததுபோல உடல் சிலிர்த்தது. அப்போதுதான் மரைக்கே மகிழ்ச்சியோடு சொன்னார்: நாளை எல்லா வீடுகளையும் பிள்ளைகளே உடைத்துக் குவிப்பார்கள், நான்கு மணிக்குக் கொளுத்திவிடுவோம்.

பால் காய்ச்சிய வீட்டைக் கொளுத்தக் கூடாது என்று எனக்குத் தெரிந்த டச்சு மொழியில் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். சிந்திய பாலுக்குக் குளவிகள் மொய்க்குமே என்று நான் அஞ்சுவதாக விளங்கிக்கொண்டு, கவலை வேண்டாம், நாளை மாலைக்குள் ஒரு பலகையும் மிஞ்சாது என்று என் தோளைத் தட்டினார்.

வீடு திரும்பும் வழியிலேயே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். "என்னடி சொல்ற? பால் பொங்குன வீட்டுக்குத் தீ வைக்கப் போறாகளா? அதுவும் வெள்ளிக்கிழமையா?" என்றார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பின் கடன்கேட்டு வந்தவருக்கு உப்புக்கூடக் கொடுக்காத வீடு எங்களுடையது.

யாழினியிடம் முடிவாகச் சொன்னேன்: ஒன்று, உங்கள் வீட்டை மட்டும் விட்டுவைக்க நான் மன்றாடுவேன், இல்லையேல் நாளை நீ போக வேண்டாம். இரண்டாண்டுகளில் அவளுக்கு வாய்த்த முதல் தோழியர், அவளோடு வீடு கட்டிய அந்த மூவர்தாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அவள் அழவில்லை. "எல்லா வீடும் போனதுக்கப்புறம் நம்மது மட்டும் நின்னா, அதுல யாரும்மா இருப்பா?" என்று கேட்டாள்.

மறுநாள் போனோம். முதல் அடியை மஞ்சள் கதவின்மேல் என் மகளே அடித்தாள். நால்வரும் பலகைகளை இழுத்துக் குவியலில் எறிந்தார்கள். சரியாக நான்கு மணிக்குத் தீயணைப்புப் படையினரே தீ வைத்தது எனக்கு மற்றொரு திகைப்பு. ஊரே ஆர்ப்பரித்தது. யாழினி தோழியர் தோள்மேல் கைபோட்டு, நான் இதுவரை கேட்டிராத உரத்த குரலில் டச்சு மொழியில் பாடினாள். அந்தக் குரலுக்காக நான் மகிழ்ந்திருக்க வேண்டும், மகிழ்ந்தேன்தான். ஆனால் தீக்குள் மஞ்சள் பலகையைத்தான் என் கண் தேடிக்கொண்டிருந்தது.

தொலைபேசியின் திரையில் அம்மா கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். சினத்தையோ சாபத்தையோ எதிர்பார்த்தேன். இழவு வீட்டில் அடுத்த வேலையைச் சொல்லும் அதே தாழ்ந்த குரலில், "முடிஞ்சிருச்சா? சரி, ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திட்டு வீட்டுக்குள்ள போங்க" என்றார்.

சக்குபள்ளத்து வீட்டில் முற்றத்திலேயே குழாய் உண்டு. இங்கே நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. தலைமுடியில் சாம்பலோடு படியேறி வந்து, யாழினி கதவைத் திறந்து உள்ளே ஓடிவிட்டாள். குளித்த பிறகுதான் உள்ளே போகலாம். குளிப்பதற்கோ உள்ளேதான் போக வேண்டும். "வாம்மா, தண்ணி சூடா வருது" என்று அவள் உள்ளிருந்து அழைக்க, நான் காலணியைக் கழற்றிவிட்டு, திறந்த கதவின் முன் மிதியடிமேல் நின்றுகொண்டிருந்தேன்.