ஆக்கன்லாரியின் மூத்த கிளப்

திரையில் ஓடும் பழைய செய்தித்தாளைப் பார்த்து ஹெக்டர் பர்டி உச்சுக்கொட்டுகிறார். 1891-ல் திஸில் கால்பந்து கிளப் வாங்கிய கோல் அது. அடித்தவரும் தடுக்கத் தவறியவரும் மேட்டுக் கல்லறையில் அருகருகே கிடக்கிறார்கள். ஹெக்டருக்குத்தான் இன்னும் ஆறவில்லை. "இடது பக்கம் விழுந்திருக்கணும், முட்டாப்பய," என்கிறார், அவன் காதில் விழும் என்பதுபோல.

கேஸ் மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர், திஸிலின் வரலாற்றாசிரியர். எழுபது வயது. செவ்வாய்தோறும் எங்கள் ஊர் நூலகத்தில் பழைய செய்தித்தாள் படச்சுருளை ஓட்டும் பிலிம் கருவி அவருடையது. 'உணவு கூடாது' என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்து ஆட்டுக்கறி பேஸ்ட்ரியைக் காகிதத்தில் வைத்தே பிய்த்துத் தின்பார்.

எட்டாயிரம் பேர் வாழும் ஆக்கன்லாரியில் இதுவரை இருபத்து மூன்று கால்பந்து கிளப்புகள் பிறந்திருக்கின்றன. மற்ற ஊர்களில் இருவர் சண்டை போட்டால் ஒருவர் காவல் நிலையம் போவார். இங்கே புதுக் கிளப் தொடங்குவார். ஒன்று, கோல்கம்பங்களை யாரோ விறகாக்கியதால் செத்தது. ஒன்று மொத்தமாகக் கனடாவுக்குக் கப்பலேறியது. விக்டோரியா என்ற கிளப் ஒரே ஓர் ஆட்டம் ஆடி, பதினான்கு கோல் வாங்கிக்கொண்டு, வரலாற்றின் மீதிப் பக்கங்களை மரியாதையாகக் காலியாக விட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் ஹெக்டரிடம் ஒரு நோட்டு உண்டு. மிஞ்சியவை திஸிலும் ரோவர்ஸும். அவை இப்போது ஆடும் ஆட்டத்தைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை, அது நாகரிகம்.

பேச்செல்லாம் எது மூத்தது என்பதுதான். திஸில் 1876. ரோவர்ஸ் 1877. இந்த ஒரு வருடத்தின் பலத்தில், ரோவர்ஸ்காரரான கசாப்புக்கடை ஆர்ச்சி டல்லாக்கை, தன்னைவிட ஒன்பது வயது பெரியவரை, நாற்பது ஆண்டுகளாக ஹெக்டர் "தம்பி" என்றே கூப்பிடுகிறார்.

"எனக்கு எழுபத்தொன்பது ஆவுதுடா," என்பார் ஆர்ச்சி.

"உனக்கு ஆவட்டும் தம்பி. உன் கிளப்புக்கு இன்னும் பல்லு முளைக்கலையே."

கடையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஆர்ச்சி எலும்பு வெட்டும் கத்தியைச் சற்று பலமாக இறக்குவார்.

திஸிலின் ஆதாரம் ஒரே வரி. 'திஸில் சங்கத்தார் நேற்றுக் கூடித் தலைவரைத் தேர்ந்தனர்' என்று 1876 நவம்பரில் வந்த செய்தி. மைதான வாசல் வளைவிலும் சட்டையிலும் பொறித்த ஆண்டு இதை நம்பித்தான். வரும் சனிக்கிழமை நூற்றைம்பதாம் ஆண்டு விருந்து, பேசப்போவது ஹெக்டர். பேச்சுக்கு இன்னொரு வரி கிடைக்குமா என்று இந்தச் செவ்வாயன்று 1877 ஜனவரிக்குச் சுருளை உருட்டினார். கிடைத்தது.

'பனிக்கட்டி உருகிவிட்டபடியால் திஸில் சங்கத்தின் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன.'

பனி உருகினால் கால்பந்துக்காரன் சேற்றில் இறங்குவான். வீட்டுக்குப் போகிறவன், உறைந்த ஏரிமேல் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங்காரன்தான். எங்கள் ஊரில் இது குழந்தைக்கும் தெரியும். வரலாற்றாசிரியருக்கு நாற்பது வருடம் பிடித்தது. இன்னும் உருட்டினார். 1879 மார்ச்: 'கால்பந்துக்கெனத் திஸில் என்ற பெயரில் புதிதாக ஒரு கிளப்.' அதாவது, ரோவர்ஸுக்கு இரண்டு வருடம் இளையது.

பக்கத்து மேஜையில் கவிதைப் புத்தகத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை கைப்பிடியிலேயே இருந்தது. இரண்டு சுற்று போதும், அந்தப் பக்கம் மறைந்துவிடும். அந்தச் சுருளை இன்னொரு நூற்றாண்டுக்கு யாரும் தொடப்போவதில்லை.

அந்த நேரம் பார்த்து, துப்பறியும் நாவலைத் திருப்பித் தர ஆர்ச்சி உள்ளே வந்தார். சனிக்கிழமை ரோவர்ஸைத் திட்ட விஷயம் சேர்ந்துவிட்டதா என்று விசாரித்தார்.

"கொஞ்சம் இங்க வாங்க," என்றார் ஹெக்டர்.

பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஆர்ச்சி திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. ஹெக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துக் கொடுத்தார். ஆர்ச்சி உட்கார்ந்து திரையருகே மூக்கைக் கொண்டுபோனார்.

"கண்ணாடி கடையில கெடக்கு. நீயே படிச்சுச் சொல்லு."

ஹெக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் இரண்டு பக்கமும் துடைத்து, ஆர்ச்சியின் மூக்கில் மாட்டிவிட்டார்.