கோழிக் கொட்டகையும் ரெஜினா நசூனாவும்

செய்தித்தாளைக் கையில் எடுத்ததும் ரெஜினா நசூனா முதலில் பார்ப்பது தலைப்பை அல்ல, எழுதியவர் பெயரை. பெயர் இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவாள். 'நமது நிருபர்' என்று போட்டிருந்தால், "யாரோட நிருபர்? எனக்கு இவரைத் தெரியாதே" என்பாள். அதன் பிறகு நேராகக் கடைசிப் பத்திக்குப் போய்விடுவாள். "முதல் பத்தியில எல்லாரும் நல்லாத்தான் வேஷம் கட்டுவாங்க. எழுதிக் களைச்சுப்போன கடைசிப் பத்தியிலதான் சாயம் வெளுக்கும்." அங்கிருந்து ஒவ்வொரு பத்தியாக மேலே ஏறி வருவாள். பாதி வழியில் மேலதிகாரி கூப்பிட்டால் மேல்பாதி அப்படியே நின்றுபோகும்.

கம்பாலாவில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எரிந்துபோன லாரிகளும் ஏரியில் கவிழ்ந்த படகுகளும் அவள் மேஜைக்கு வந்து, உண்மையிலேயே எரிந்தோமா, கவிழ்ந்தோமா என்று நிரூபித்துவிட்டுத்தான் போக வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு அது. உயிர் இருப்பது வேறிடத்தில். எல்லாரும் சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவள் ஒரு தொகுப்பாளர். மதியம் வாழைக்காய் மசியலின்மேல் நிலக்கடலைக் குழம்பை ஊற்றிவிட்டு, வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கையால் ஊர் உலகத்தின் புளுகுகளை அழிப்பாள்.

வீட்டிலும் இதே பிடுங்கல்தான். ஒருநாள் தங்கை போன் செய்தாள்.

"அக்கா, நம்ம செமக்குலா மகளுக்கு ரெட்டைப் பிள்ளை."

"நீ பாத்தியா?"

"அம்மா சொன்னாங்க."

"அம்மாவுக்கு யார் சொன்னா?"

"நான்தான்."

"உனக்கு?"

"அம்மாதான்னு சொல்றேன்ல. உன்கிட்ட ஒரு நல்ல சேதி சொல்ல முடியுதா?"

பெண் கேட்கும் சடங்குகளுக்கு அவளைக் கூப்பிடவே சொந்தக்காரர்கள் நடுங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பேசுவதற்கென்றே ஒருவரை அமர்த்தியிருப்பார்கள். அவர் எழுந்து மாப்பிள்ளையின் குணத்தை ஆகாயத்துக்கு ஏற்றும்போது, பெண் வீட்டார் பாயில் முட்டிபோட்டிருக்கும் நசூனா பக்கத்துப் பெண்மணியின் காதில் சொல்வாள்: "வாடகை வாய். கணக்குல சேக்காதீங்க."

இப்படிப்பட்டவள் காதலில் விழுந்தாள். ஆள்மேல் அல்ல, ஒரு வீடியோ கேம் ஸ்டுடியோமேல். கிகோமாண்டோ என்று பெயர். சப்பாத்தியைத் துண்டுபோட்டு அவரையோடு கிளறித் தரும் அந்த மலிவுச் சாப்பாட்டின் பெயரைத் தங்களுக்கே வைத்துக்கொண்ட ஐந்தாறு இளைஞர்கள். அவர்கள் செய்த விளையாட்டில், பெண் கேட்கப் போகிற வீட்டுக்கு உயிருள்ள ஆட்டை மோட்டார் சைக்கிளில் கொண்டுசேர்க்க வேண்டும். மழை கொட்டும். பள்ளம் வாய் பிளக்கும். ஆடு முன்சக்கரத்துப் பக்கம் எட்டிப் பார்க்கும். நசூனா முதல் தடவை ஆட்டைப் பத்திரமாக இறக்கிவிட்டபோது கண் கலங்கி, அலுவலகத்தில் அத்தனை பேர் பார்க்கக் கணினித்திரையைத் தடவிக்கொடுத்தாள். அன்றே அந்த ஸ்டுடியோவுக்குக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை தொடங்கினாள்.

அந்தக் கட்டுரையின் கழுத்தில்தான் சென்ற மாதம் கத்தி விழுந்தது. வைத்தவன் ஓட்டிம், சட்டக் கல்லூரி நூலகர், சனிக்கிழமைதோறும் காப்பிக்கடையில் அவளோடு உட்கார்ந்து கலைக்களஞ்சியம் தொகுக்கும் கூட்டாளி. ஒரு கட்டுரை நிற்க வேண்டுமானால், அதில் சம்பந்தப்படாத இருவராவது தாமாக விசாரித்து எழுதியிருக்க வேண்டும். கிகோமாண்டோவுக்கு அப்படி யாரும் இல்லை, நீக்கிவிடலாம் என்று பொது விவாதத்தில் எழுதிவிட்டான்.

"உனக்கு நெஞ்சு இருக்கிற இடத்துல என்ன இருக்கு, ஓட்டிம்?"

"விதி இருக்கு அக்கா. நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

நசூனா வேட்டையில் இறங்கினாள். ஸ்டுடியோவின் சொந்த இணையதளம்: பெற்றவள் பிள்ளையை அழகன் என்கிறாள், தள்ளு. மூன்று செய்தித்தளங்கள்: மூன்றும் ஸ்டுடியோ அனுப்பிய ஒரே அறிக்கையை வரி மாறாமல் வாந்தியெடுத்திருந்தன, தள்ளு. உருகி உருகி எழுதிய ஒரு விமர்சனம்: எழுதியவனைத் துருவிப் பார்த்தால் ஸ்டுடியோவில் ஓவியம் வரைகிறவளின் கொழுந்தன். "குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள்ள வச்சுக்கோ" என்று திரையைத் திட்டினாள். நைரோபியில் வரும் ஒரு மாத இதழ் மட்டும் உண்மையாகவே ஒரு பக்கம் எழுதியிருந்தது, ஆட்டின் வால் அசைவு சரியில்லை என்ற குறையோடு. குறை சொன்ன அந்த முகம் தெரியாத ஆளுக்கு மானசீகமாக முத்தம் கொடுத்தாள். ஒன்று கிடைத்துவிட்டது. இன்னொன்று?

அதை ஸ்டுடியோக்காரன் வாஸ்வா அனுப்பினான். "ஆன்ட்டி, எங்கம்மா இதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. இது ஆகுமா பாருங்க." நகரத்து நாளிதழ் ஒன்றில் முழுப்பக்கம். மேலே பெயர்: இவான் தும்வைனே. கடைசிப் பத்தியைப் படித்தாள். சுத்தம். அதற்கு மேல் பத்தி, அதற்கும் மேல் பத்தி, சுத்தம். இதற்குள் அதிகாரி கூப்பிட்டுவிட்டார். ஓடுவதற்கு முன் சான்றைச் சேர்த்துவிட்டாள்.

ஓட்டிமின் பதில் மாலைக்குள் வந்தது. "நான் தோத்துட்டேன் அக்கா. கட்டுரை இருக்கட்டும்."

நசூனா ஆடினாள். கோப்பு அலமாரிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் இருந்த சின்ன இடத்தில், இடுப்பில் சால்வையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு ஆட்டம். ஏன் என்று கேட்காமலே காசாளர் பெண்ணும் சேர்ந்து ஆடினாள். எரிந்த லாரிக்காரர் ஒருவர் தன் பணம் வந்துவிட்டதென்று நினைத்துக் கைதட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை, வீட்டுக்குப் போகும் வேன் வாண்டெகேயா சந்திப்பின் நெரிசலில் அசையாமல் நிற்க, அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் மறுபடி திறந்தாள். இந்த முறை வேவு பார்க்க அல்ல, ரசிக்க. அதனால் எல்லாரையும்போல மேலிருந்து தொடங்கினாள்.

'ஒரு பழைய கோழிக் கொட்டகையில் பிறந்தது கிகோமாண்டோ.'

அவள் முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கொட்டகையைக் கட்டியவள் அவளே. கட்டுரையைத் தொடங்கிய நாளில், ஸ்டுடியோவின் பழைய புகைப்படத்தில் கணினிகளுக்கு நடுவே கோழிகள் மேய்வதைப் பார்த்து, கோழிக் கொட்டகை என்று எழுதிவிட்டாள். மறுநாள் வாஸ்வா விழுந்து விழுந்து சிரித்தான்: "அது கார் ஷெட் ஆன்ட்டி. கோழி வீட்டுக்காரம்மாவோடது. கதவைச் சாத்தினா அந்தம்மா சண்டைக்கு வருவாங்க." உடனே திருத்தினாள். ஆனால் அந்த ஒரு நாள் இடைவெளிக்குள் தும்வைனே வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். அடுத்த வரி, அதற்கடுத்த வரி, அவள் படிக்காமல் விட்ட மேல்பாதி எல்லாம் அவள் போட்ட வரிசை. அவள் ஊருக்குச் சொன்னதை ஊர் அவளுக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறது.

"அம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் வேன் நடத்துநர்.

"எனக்கு நானே சாட்சி சொல்லியிருக்கேன்பா."

"அப்படியா. கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க."

சனிக்கிழமை காப்பிக்கடையில் வாஸ்வா கேக்கோடு வந்திருந்தான். ஸ்டுடியோ முழுவதும் வந்திருந்தது. ஓட்டிம், தோற்றவன் என்ற முறையில், கத்தியைப் பிடித்திருந்தான். நசூனா உட்காரவில்லை. கொட்டகைக் கதையைச் சொல்லிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, தும்வைனேயின் சான்றின்மேல் கோடு போட்டாள். 'இது நம்மிடமிருந்தே எடுத்தது' என்று காரணமும் எழுதினாள்.

"அக்கா, கொட்டகை விஷயம் யாருக்கும் தெரியாது" என்றான் ஓட்டிம், கத்தியை மெல்லக் கீழே வைத்துவிட்டு.

"எனக்குத் தெரியும்ல."

"நான்தானே வழக்குப் போட்டவன், நானே விட்டுட்டேன்."

"நீ விட்டா? பொய் விடுமா?"

வாஸ்வாவின் முகம் சின்னதாகிவிட்டது. "அப்ப நாங்க ஆன்ட்டி?"

"போயிடும் கண்ணு. இப்போதைக்குப் போயிடும்." அவள் மடிக்கணினியை மூடினாள். "உங்களைப் பத்தி யாராவது நேர்ல வந்து பாத்து எழுதட்டும். அன்னைக்கே திரும்பக் கொண்டுவர்றேன்."

"யார் வரப்போறா?"

நசூனா அந்த நாளிதழுக்குப் போன் போட்டாள். இரண்டு பேர் கைமாறி, தும்வைனே கிடைத்தார். எல்லாரும் கேட்கும்படி கைப்பேசியை மேஜைமேல் வைத்தாள்.

"சார், நீங்க எழுதின கோழிக் கொட்டகை உலகத்துலயே கிடையாது. போய்ப் பாத்தீங்களா?"

"இல்லைங்க மேடம். அன்னைக்கு ஆறு மணிக்குள்ள பக்கத்தை முடிக்கணும்."

"இப்ப போய்ப் பாருங்க. உங்க பக்கத்துல திருத்தமும் போடுங்க."

"போறேன். திங்கட்கிழமையே போறேன்." அவர் குரலில் வெட்கமும், கூடவே ஆவலும் வந்தன. பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "நீங்க இவ்வளவு தெரிஞ்சவங்களா இருக்கீங்க. நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன், மேடம். அந்தப் பசங்க எப்படி? அந்த விளையாட்டு எப்படி?"

வாஸ்வா அவளையே பார்த்தான். நசூனாவின் கண்கள் பளபளத்தன, கன்னம் உப்பியது, ஆடு, மழை, பள்ளம் எல்லாம் தொண்டைவரை ஏறி வந்தன. அவள் இரண்டு கைகளாலும், மறுபடி சாட்சி சொல்லப் போன தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள்.